நாய்க்கு சி.ஜி.சி. சான்றிதழ் வாங்குவது எப்படி? அமெரிக்காவில் புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு

நாயை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் வாடகை வீடு தேடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சம்பளச் சீட்டு, கிரெடிட் ஸ்கோர் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "நாய் என்ன இனம், எத்தனை பவுண்டு?" என்று ஒரு கேள்வி வரும். எங்கள் நாய் முறுக்கு, காப்பகத்திலிருந்து வந்தவன், கலப்பினம். என்னென்ன கலந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. உருவம் பெரிது, நிறம் கறுப்பு. வீட்டு உரிமையாளர்கள் போட்டோவைப் பார்த்ததுமே பேச்சைக் குறைத்துவிடுவார்கள். ‘சி.ஜி.சி. இருக்கிறதா?’ என்று ஒருவர் கேட்ட பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

சி.ஜி.சி. என்பது கேனைன் குட் சிட்டிசன். அமெரிக்கன் கென்னல் கிளப், அதாவது ஏ.கே.சி., 1989 முதல் நடத்திவரும் நன்னடத்தைச் சோதனை. பத்துப் பாகங்கள், பத்திலும் தேற வேண்டும். மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது ‘இன்னும் தயாராகவில்லை’, அவ்வளவுதான். இனம் தெரியாத நாயும் எழுதலாம், பத்து வயது நாயும் எழுதலாம். தகவல் எல்லாம் இணையத்தில் இருக்கிறது, ஆனால் துண்டுதுண்டாக. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. நகராட்சியில் வாங்கும் நாய் லைசென்ஸ் விஷயம் மட்டும் உங்கள் மாநிலத்தில் வேறாக இருக்கலாம். சோதனை நாடு முழுக்க ஒன்றுதான்.

1. எதற்காக வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பணத்தை விடுபவர்கள் நிறையப் பேர்.

சி.ஜி.சி. இருந்தால் சில வீட்டு உரிமையாளர்களும் அடுக்ககங்களும் இறங்கி வருவார்கள். சில காப்பீட்டு நிறுவனங்கள் வீட்டுக் காப்பீட்டில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மருத்துவமனை, முதியோர் இல்லம், நூலகம் ஆகிய இடங்களுக்கு நாயை அழைத்துப்போகும் தெரபி நாய்க் குழுக்களில் சேர நினைத்தால் நல்ல முதல் படி. ஆனால் எதுவும் கட்டாயம் இல்லை. வீட்டு உரிமையாளர் ‘முடியாது’ என்றால் முடியாதுதான். அதனால் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்பே அடுக்கக அலுவலகத்துக்கும் காப்பீட்டு ஏஜெண்டுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, ‘சி.ஜி.சி. இருந்தால் ஏற்பீர்களா?’ என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

இது சர்வீஸ் நாய்ச் சான்றிதழ் இல்லை. சி.ஜி.சி. வாங்கிவிட்டதால் நாயை உணவகத்துக்குள்ளோ விமானக் கேபினுக்குள்ளோ கூட்டிப்போகும் உரிமை வந்துவிடாது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சர்வீஸ் நாய் என்றால் ஒருவருடைய உடல்நிலை அல்லது மனநிலை சார்ந்த குறைபாட்டுக்கு உதவும் குறிப்பிட்ட வேலையைக் கற்ற நாய். அதற்குச் சான்றிதழோ பதிவோ அந்தச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே, ‘79 டாலர் கட்டுங்கள், உங்கள் நாயைத் தேசியப் பதிவேட்டில் சேர்த்து அட்டையும் சிவப்பு ஜாக்கெட்டும் அனுப்புகிறோம்’ என்கிற மாதிரி இணைய விளம்பரம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். அந்த அட்டைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அதுபோலவே, நாயைப் பார்க்காமல் இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு தரும் ‘நன்னடத்தைச் சான்றிதழ்’ எதுவும் சி.ஜி.சி. ஆகாது. 

2. தாள்களைச் சேருங்கள்

வயதுக்கு ஒரே நிபந்தனை, ரேபிஸ் தடுப்பூசி போடும் வயது ஆகியிருக்க வேண்டும். குட்டிக்கு முதல் ஊசி பொதுவாக 12 வாரத்துக்குப் பிறகு. அது ஓராண்டுக்குச் செல்லும். அடுத்தது மருந்தைப் பொறுத்து ஓராண்டு அல்லது மூன்றாண்டு.

கையில் இருக்க வேண்டியவை இவை:

முதலாவது, ரேபிஸ் சான்றிதழ். கழுத்தில் தொங்கும் உலோக வில்லை போதாது. மருத்துவர் கையெழுத்து, மருந்தின் லாட் எண், அடுத்த ஊசித் தேதி எல்லாம் உள்ள தாள் வேண்டும். வில்லையை மட்டும் நம்பி வந்த ஒரு குடும்பத்தை ஒரு பயிற்சி மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். குழந்தைகள், நாய், தண்ணீர்க் கிண்ணம் என்று முழு ஏற்பாட்டோடு வந்தவர்கள், பாவம். மருத்துவமனை ஆப்பிலிருந்து தாளை இறக்கிப் போனில் ஒரு பிரதி, காரில் ஒரு அச்சுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டவுன்ஷிப் லைசென்ஸ். நியூ ஜெர்சியில் ஏழு மாதம் ஆன நாய்க்கு இது கட்டாயம். நகராட்சிக் கிளார்க் அலுவலகத்தில் வாங்க வேண்டும். கட்டணம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கருத்தடை செய்யாத நாய்க்கு 3 டாலர் கூடுதல். இங்கேதான் புதியவர்கள் பலர் சிக்குவது: ரேபிஸ் ஊசி இன்று செல்லுபடியாக இருந்தால் மட்டும் போதாது, லைசென்ஸ் காலத்தின் 12 மாதங்களில் குறைந்தது 10 மாதமாவது அது செல்ல வேண்டும். ஜனவரியில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறீர்கள், ஊசி ஜூனில் முடிகிறது என்றால் கிளார்க் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நேரத்தில் வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது சிரமம். டிசம்பரிலேயே தேதியைப் பாருங்கள்.

வகுப்பில் சேர்வதாக இருந்தால் மற்றத் தடுப்பூசிகளின் பட்டியலும் கேட்பார்கள்: டிஸ்டெம்பர், பார்வோ சேர்ந்த கூட்டு ஊசி, கென்னல் காஃப் எனப்படும் இருமலுக்கான போர்டெட்டெல்லா. சில இடங்களில் மலப் பரிசோதனை முடிவும் வேண்டும். பதிவு செய்யும்போதே பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரே தடவையில் வெட்டிடம் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் பார்வைக் கட்டணம் தனி.

அப்புறம் ஏ.கே.சி. எண். இது சோதனைக்குத் தேவையில்லை, தேறிய பிறகு சி.ஜி.சி.யை நாயின் பெயரில் பட்டமாகப் பதியத்தான் தேவை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

3. கழுத்துப் பட்டையும் லீஷும்

சோதனையில் சாதாரண பக்கிள் பட்டை, இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல், இழுக்க இழுக்க இறுகும் ஸ்லிப் பட்டை, உடம்பில் மாட்டும் ஹார்னெஸ் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. முள் பட்டை, மின்சாரப் பட்டை, மூக்கைச் சுற்றி மாட்டும் ஹெட் ஹால்டர் இவற்றுக்கு அனுமதி இல்லை. துணி அல்லது தோல் லீஷ்தான் வேண்டும். இழுக்க இழுக்க நீளும் சுருள் லீஷ் கூடாது.

இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டால் கஷ்டம். ஹெட் ஹால்டரில் சாதுவாக நடக்கும் பெரிய நாய் சாதாரணப் பட்டைக்கு மாறிய அன்று உங்களைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகும். எனவே சோதனையில் எதை மாட்டப் போகிறீர்களோ அதையே முதல் நாளிலிருந்து மாட்டுங்கள். முன்பக்கம் வளையம் உள்ள ஹார்னெஸ் வைத்திருந்தால், அது செல்லுமா என்று சோதனையை நடத்தும் மதிப்பீட்டாளரை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆறடித் துணி லீஷ் 15 டாலருக்குள் கிடைக்கும். அதற்கு மேல் செலவழிக்கத் தேவையே இல்லை.

4. வகுப்பா, வீட்டிலேயேவா?

வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. வீட்டிலேயே பழக்கி நேராகச் சோதனைக்கு மட்டும் போகலாம். சோதனைக் கட்டணத்தை அந்தந்த மதிப்பீட்டாளரோ கிளப்போ தீர்மானிக்கிறார்கள். நாங்கள் விசாரித்த இடங்களில் 20 முதல் 50 டாலர் வரை சொன்னார்கள். ஆறு அல்லது எட்டு வார வகுப்பு என்றால் எங்கள் பக்கம் 150 முதல் 300 டாலர். பெரும்பாலும் கடைசி வகுப்பிலேயே சோதனை வைத்துவிடுவார்கள், ஆனால் அந்தக் கட்டணம் உள்ளே சேர்ந்ததா, தனியா என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் நாய் மற்ற நாய்களைப் பார்த்துத் துள்ளும், குரைக்கும் ரகம் என்றால் வகுப்புக்குப் போங்கள். அடங்கி உட்கார்ந்திருக்கும் ஆறேழு நாய்களை வீட்டில் எங்கே கொண்டுவருவது? அதற்குத்தான் அந்தப் பணம். ‘உட்கார், படு’ சொல்லித்தர 200 டாலர் கொடுப்பது வீண்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க, ஏ.கே.சி. தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் மதிப்பீட்டாளர்கள் பட்டியல் வரும். சேரும் முன் நாய் இல்லாமல் ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். நாய்கள் வாலைத் தொங்கவிட்டு, காதைப் பின்னுக்கு மடித்து, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அங்கே கண்டிப்பு அதிகம். வேறு இடம் பாருங்கள். வசந்த காலத்திலும் செப்டம்பரிலும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டி என்றால் ஸ்டார் பப்பி என்று ஏ.கே.சி.யின் தனித் திட்டம் ஒன்று உண்டு. ஆறு வார வகுப்பு முடித்து அங்கே ஒரு சிறு சோதனை. அதை முடித்துவிட்டு சி.ஜி.சி.க்கு வருவது நல்ல வரிசை. நாலு மாதக் குட்டியைச் சி.ஜி.சி. தேற வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு வாலிபப் பருவம், கற்றதெல்லாம் காற்றில் பறக்கும். அவசரம் இல்லை என்றால் அதைத் தாண்டி எழுத வைப்பது மேல்.

5. பத்துப் பாகங்கள்

சொல்கிற வார்த்தை எந்த மொழியில் இருந்தாலும் சரிதான். நாங்கள் ‘உட்காரு’, ‘படு’, ‘இரு’, ‘வா’ என்றே பழக்கினோம். மதிப்பீட்டாளர் சிரித்தாரே தவிர ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். அப்பா ‘கம்’ என்பார், அம்மா ‘வாடா’ என்பார், ஊரிலிருந்து வந்த பாட்டி ‘ச்சூ ச்சூ’ என்பார் என்றால் நாய் யார் பேச்சையும் கேட்காது. ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு பாகங்கள் அந்நியர் சம்பந்தப்பட்டவை. மதிப்பீட்டாளர் நடந்து வந்து உங்களோடு கைகுலுக்கிப் பேசுவார். நாய் அவர் மேல் தாவக் கூடாது, பயந்து பதுங்கவும் கூடாது. அடுத்து அவர் நாயைத் தடவிக்கொடுப்பார். இதைப் பழக்க வெளியாள் வேண்டும். நம் வீடுகளில் அங்கேதான் சிக்கல். வரும் விருந்தாளிகளில் பாதிப் பேர் நாயைப் பார்த்ததும் சோபாவில் காலைத் தூக்கிக்கொள்வார்கள். மீதிப் பேர், ‘பரவாயில்லை, எனக்கு நாய்ன்னா உயிரு’ என்று தாவிய நாயைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவார்கள். இரண்டாவது ரகம்தான் ஆபத்து: தாவினால் கொஞ்சல் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொண்டுவிடும். விருந்தாளி வரும்போது லீஷ் மாட்டி, நாலு காலும் தரையில் இருந்தால்தான் தொட வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வயதில் மூத்தவர்களிடம் இதைச் சொல்ல ஒரு மாதிரி கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.

மூன்றாவது, உடம்பைத் தொட்டுப் பார்ப்பது. மதிப்பீட்டாளர் நீங்கள் கொண்டுவந்த சீப்பால் வாரிவிடுவார், காதைத் திறந்து பார்ப்பார், இரண்டு முன்னங்காலையும் ஒவ்வொன்றாகத் தூக்குவார். பாதத்தைத் தொட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் நாய்கள் அதிகம், முக்கியமாக நகம் வெட்டும்போது ஒரு தடவை வலித்த நாய்கள். நேராகப் பாதத்துக்குப் போகாதீர்கள். தோளைத் தொட்டு ஒரு ட்ரீட். முழங்கையைத் தொட்டு ஒரு ட்ரீட். மணிக்கட்டு, அப்புறம் பாதத்தின் மேல்பக்கம், பிறகுதான் விரல்களுக்கு அடியில் கையைக் கொடுத்து அரை அங்குலம் தூக்குவது. எந்த இடத்தில் காலை இழுக்கிறதோ அதற்கு ஒரு படி பின்னால் வந்துவிடுங்கள். உங்களுக்குக் கொடுத்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறதா என்று பாருங்கள். வீட்டு ஆளுக்குக் காலை நீட்டும் நாய் வெளியாளுக்கு நீட்டும் என்று சொல்ல முடியாது.

நான்காவது தளர்ந்த லீஷில் நடப்பது: வலப்பக்கம், இடப்பக்கம், முழுத் திருப்பம், நடுவில் ஒரு தடவை நிற்பது, கடைசியில் ஒரு தடவை. ஐந்தாவது, குறைந்தது மூன்று பேர் இருக்கும் கூட்டத்தின் ஊடே நடப்பது. இவற்றில் ராணுவ நடை தேவையில்லை. நாய் உங்கள் இடக்காலை ஒட்டியே வர வேண்டும் என்றும் இல்லை. லீஷ் விறைக்காமல் இருந்தால் போதும். பழக்க ஒரே வழி, விறைத்தால் நின்றுவிடுவது, தளர்ந்தால் நடப்பது. முதல் வாரம் தெருமுனையைத் தாண்ட மாட்டீர்கள். அந்த வாரத்தில் அவசர வேலையாக எங்கேயும் நாயோடு கிளம்பாதீர்கள்.

ஆறாவது உட்கார்தல், படுத்தல், இருந்த இடத்திலேயே இருத்தல். லீஷைக் கழற்றிவிட்டு 20 அடி நீளக் கயிறு மாட்டுவார்கள். அது அவர்களே தருவது. நீங்கள் கயிற்றின் நுனி வரை நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லலாம், கையால் மெல்ல வழிகாட்டலாம். அமுக்கி உட்கார வைக்கக் கூடாது. ஏழாவது, பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டால் வருவது. இவை இரண்டும் எளிது. ஈரப் புல்லில் படுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குட்டை முடி நாய்கள் உண்டு, அவ்வளவுதான். சோதனை வெளியில் என்றால் புல்லிலும் பழக்குங்கள்.

எட்டாவதில் பலர் தோற்கிறார்கள். இன்னொருவர் தன் நாயோடு எதிரே வருவார். நின்று கைகுலுக்கி, இரண்டு வார்த்தை பேசி, அவரவர் வழியே போக வேண்டும். நாய்கள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத மாதிரி இருக்க வேண்டும். லேசாகப் பார்த்தால் தவறில்லை. நாய்ப் பூங்காவுக்குத் தினமும் போகும் நாய்களுக்குத்தான் இது கஷ்டம் என்பது என் அனுபவம். பார்த்த நாயெல்லாம் விளையாட்டுத் தோழன் என்று பழகிவிட்டால் எப்படிச் சும்மா உட்காரும்? லீஷ் மாட்டியிருக்கும்போது எந்த நாயோடும் மூக்கோடு மூக்கு வைக்க விடாதீர்கள். ‘என் நாய் ஃப்ரெண்ட்லி’ என்று யாராவது சிரித்துக்கொண்டே நெருங்கினால், ‘பயிற்சியில் இருக்கிறது’ என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். தூரத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய கார் நிறுத்துமிடத்தின் ஒரு கோடியில் நீங்கள், மறு கோடியில் மற்ற நாய். உங்கள் நாய் அதைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் ட்ரீட். பிறகு வாரத்துக்கு வாரம் தூரத்தைக் குறையுங்கள்.

ஒன்பதாவது கவனச் சிதறல். நாற்காலியைக் கீழே தள்ளுவார்கள், ஊன்றுகோலைப் போடுவார்கள், ஒருவர் ஓடிவருவார். இப்படி ஏதாவது இரண்டு. திடுக்கிடலாம், தவறில்லை. ஓடப் பார்ப்பது, குரைப்பது, சீறுவது கூடாது. முறுக்கு குக்கர் விசிலுக்குக் காதைக்கூட அசைக்க மாட்டான். ஆனால் குடையை விரித்தால் சோபாவுக்குப் பின்னால் போய்விடுவான். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு குடை இருக்கும். அதைக் கண்டுபிடித்து, தூரத்தில் வைத்து, மெதுவாகப் பழக்குங்கள்.

பத்தாவது, மூன்று நிமிடப் பிரிவு. லீஷை மதிப்பீட்டாளர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நாயின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட வேண்டும். நாய் உட்கார்ந்தே இருக்க வேண்டியதில்லை. ஆனால் விடாமல் குரைத்தாலோ, முனகினாலோ, அங்கும் இங்கும் தவித்து நடந்தாலோ போச்சு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களின் நாய்கள் இதில் ரொம்பவும் தடுமாறும். தனியாக இருந்தே பழக்கம் இருக்காது. வீட்டில் இன்னொருவர் லீஷைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஐந்து நொடி நில்லுங்கள். முனகும் முன்பே திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். முனகிய பிறகு வந்தால், ‘முனகினால் வருவார்’ என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். திரும்பி வரும்போது ஆரவாரம் வேண்டாம், சாதாரணமாக வாருங்கள். பத்து நொடி, அரை நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று ஏற்றுங்கள். நடுநடுவே குறைத்தும் செய்யுங்கள். மூன்று நிமிடம்தான் சோதனை என்றாலும் ஐந்து நிமிடம் தாங்கும் வரை பழக்குவது நல்லது. லீஷைப் பிடிப்பவர் தினமும் உங்கள் மனைவியோ கணவரோ மட்டும் என்றால் பயன் குறைவு. நாய்க்கு அதிகம் பழக்கமில்லாத நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தினமும் எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். ஐந்து நிமிடமாக மூன்று வேளை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் என்பது நாய்க்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு. ஏற்கெனவே கொஞ்சம் பழகிய நாய்க்கு இரண்டு மூன்று மாதம் போதும். காப்பகத்திலிருந்து புதிதாக வந்த நாய் என்றால் முதலில் வீட்டோடு ஒட்டட்டும், ஆறு மாதம்கூட ஆகலாம்.

6. ட்ரீட்டை எடுத்துவிடுங்கள்

சோதனையில் ட்ரீட் கிடையாது. பொம்மை கிடையாது. வாயால் பாராட்டலாம், உற்சாகப்படுத்தலாம், தட்டிக்கொடுக்கலாம். எவ்வளவு நல்ல நாயும் இங்கேதான் கவிழும், ஏனென்றால் இடுப்பில் ட்ரீட் பை தொங்கும்போது மட்டுமே அது நல்ல நாய்.

ஒரு செயல் நன்றாக வந்ததும், அந்தச் செயலுக்கு மட்டும் ட்ரீட்டைக் குறைக்கத் தொடங்குங்கள். முதலில் பையை இடுப்பிலிருந்து எடுத்து மேசை மேல் வையுங்கள். நாய் சரியாகச் செய்தால் நடந்து போய் எடுத்து வந்து கொடுங்கள். பிறகு இரண்டு தடவைக்கு ஒன்று, நாலு தடவைக்கு ஒன்று, எப்போது வரும் என்று தெரியாதபடி. சாப்பாட்டுக்கு வெளியே அதற்குப் பிடித்தது என்ன என்று பாருங்கள். வாசல் கதவைத் திறப்பது, காரில் ஏற்றுவது, காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவது எல்லாமே கூலிதான். சோதனைக்கு முந்தைய சில வாரங்களில், வாரம் ஒரு தடவையாவது பத்துப் பாகத்தையும் வரிசையாக, வெறுங்கையோடு, வேறு வேறு இடங்களில் ஓட்டிப் பாருங்கள். நாய் அனுமதி உள்ள கடை வாசல், பள்ளி விட்ட பிறகு அதன் நடைபாதை, பூங்கா. பனிக்காலத்தில் நடைபாதையில் போடும் உப்பு பாதத்தைக் கடிக்கும். வீடு வந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது பாகத்துக்கான உழைப்பெல்லாம் வீணாகும்.

ட்ரீட் என்றதும் ஒரு வார்த்தை. வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகமளவு நறுக்கினால் போதும், கடைப் பாக்கெட் தேவையில்லை. நம் சமையலறையில் நாய்க்கு ஆகாதவை பல: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட். சாம்பார் சாதமும் பாயசத் திராட்சையும் பாசத்தோடு மேசைக்கு அடியில் போகும் வீடுகளை எனக்குத் தெரியும். சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் போட்ட சூயிங்கமும் சில வேர்க்கடலை வெண்ணெயும் உயிருக்கே ஆபத்து. டப்பாவைப் படித்துப் பாருங்கள்.

7. தேதி குறிப்பது

சோதனைக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்பே மதிப்பீட்டாளரிடம் பேசிவிடுங்கள். நாலு கேள்வி கேளுங்கள்: உள்ளரங்கமா வெளியிலா, கட்டணம் எவ்வளவு, என்னென்ன தாள், தேறாவிட்டால் மறுபடி எழுத முழுக் கட்டணமா. ஊசி போட்ட வாரத்தில் தேதி வைக்காதீர்கள். உடம்பு வலியோடு இருக்கும் நாய் தொட விடாது. ஜூலை 4-ஐ ஒட்டியும் வேண்டாம், பட்டாசு வெடித்துக்கொண்டே இருக்கும். பெண் நாய் பருவத்தில் இருந்தால் சில கிளப்புகள் அனுமதிப்பதில்லை, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. சோதனை நாள்

ரேபிஸ் தாள், லைசென்ஸ், சீப்பு, சரியான பட்டையும் லீஷும், தண்ணீர், மலம் அள்ளும் பை. அரை மணி நேரம் முன்பே போய், நாயை வெளியே நடத்தி, ஒன்று இரண்டு எல்லாம் முடிக்க வையுங்கள். சோதனையின் நடுவில் நாய் சிறுநீர் கழித்தாலோ மலம் கழித்தாலோ அதோடு முடிந்தது. வெளிப்புறத்தில் நடக்கும் பத்தாவது பாகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. உறுமினாலோ கடிக்கப் பாய்ந்தாலோ உடனே வெளியேற்றிவிடுவார்கள். காலைச் சாப்பாட்டைப் பாதியாகக் கொடுங்கள். 

தொடங்கும் முன் பொறுப்புள்ள உரிமையாளர் என்று ஓர் உறுதிமொழித் தாளில் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். நாயின் உடல்நலம், பாதுகாப்பு, பொது இடத்தில் கழிவை அள்ளுவது பற்றியது. முழுச் சோதனையும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் பதறினால் லீஷ் வழியே அது நாய்க்குப் போய்விடும், அதனால் பேசிக்கொண்டே இருங்கள். பேசக் கூடாது என்று விதி இல்லை.

9. முடிவு வந்த பிறகு

தேறாவிட்டால் எந்தப் பாகத்தில் என்று மதிப்பீட்டாளர் சொல்வார். நாயின் பெயரில் கறுப்புப் புள்ளி எதுவும் விழாது. இன்னொரு நாள் மறுபடி எழுதலாம்.

தேறினால் கையெழுத்திட்ட தேர்வுத் தாள் உங்களிடம் வரும். முதல் வேலையாகப் போட்டோ எடுங்கள். பட்டமாகப் பதிய நாய்க்கு ஏ.கே.சி. எண் வேண்டும். பதிவுபெற்ற தூய இன நாய்க்கு அது ஏற்கெனவே இருக்கும். தாள் இல்லாத தூய இன நாய்க்குப் பி.ஏ.எல். (பியூர்பிரெட் ஆல்டர்நேட்டிவ் லிஸ்டிங்) என்று ஒரு வழி. கலப்பினம் என்றால் கேனைன் பார்ட்னர்ஸ் என்ற பிரிவு. எண்ணுக்கு ஒரு கட்டணம், பட்டப் பதிவுக்கு ஒரு கட்டணம். இரண்டும் சேர்த்து 60, 70 டாலர் வரை எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைய தொகையை ஏ.கே.சி. தளத்தில் பாருங்கள். எண் வாங்கும்போது நாயின் பெயரை நன்றாக யோசித்து எழுதுங்கள், சான்றிதழில் அதுதான் அச்சாகும். வெட்டின் தாளில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

சான்றிதழ் அஞ்சலில் வரச் சில வாரம் ஆகும். அதுவரை வீட்டு உரிமையாளருக்கு ரேபிஸ் தாள், லைசென்ஸ், கையெழுத்திட்ட தேர்வுத் தாள் மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, முன்பு அவர் எழுதிய அந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். காப்பீட்டு ஏஜெண்டுக்கும் அப்படியே. பாலிசி புதுப்பிக்கும் மாதத்துக்கு முன் அனுப்பினால்தான் அந்த ஆண்டுக் கணக்கில் பார்ப்பார்கள்.